மேலவீடு கீழவீடு: குழு உரையாடல்
(மேலவீடு பிராட்டஸ்டண்ட், கீழவீடு ஆர்.சி. என்னும் கத்தோலிக்கம்; நடுவில் ஒரு வேலி)

சனிக்கிழமை

எஸ்தர், காலை 10:12
[புகைப்படம்]
ஆச்சியின் பெரிய வேதாகமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து இது விழுந்தது. யாருக்காவது தெரிகிறதா?

லூர்து, 10:14
அடியே, அது சுரூபம், நூலில் கோத்துப் போடும் புனிதர் பதக்கம். எங்கள் வீட்டுச் சுரூபம் மாதிரி இருக்கிறது. உங்கள் வேதாகமத்துக்குள் எப்படி வந்தது?

எஸ்தர், 10:15
அதைத்தான் நான் கேட்கிறேன். நகத்தளவு இருக்கிறது. வளையத்தில் கறுப்பு நூல். ஒரு சாமியார் கையில் குழந்தை, லீலிப்பூ.

ஜெபராஜ், 10:21
நம் ஆச்சியின் வேதாகமத்திலா? சிலுவையில் இயேசுவின் உருவம் இருந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாளே, அந்த ஆச்சியா?

பெனிட்டா, 10:24
எஸ்தர் பெரியம்மா, குழந்தையும் லீலியும் என்றால் அந்தோணியார்.

சூசை, 10:26
அவசரப்படாதே. சூசையப்பருக்கும் லீலி உண்டு, குழந்தையும் உண்டு. என் பெயர்கொண்டவரை விட்டுக்கொடுக்க மாட்டேன். எஸ்தர், தாடி இருக்கிறதா பார். தாடி இருந்தால் சூசையப்பர். தாடி இல்லாமல் தலையில் வட்டமாக மழித்திருந்தால் அந்தோணியார்.

எஸ்தர், 10:33
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன் அண்ணன். தாடி இல்லை.

சூசை, 10:34
சரி, அந்தோணியார்தான். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர். அவரே உங்கள் வீட்டில் காணாமல் கிடந்திருக்கிறார்.

தானியேல் சித்தப்பா, 10:41
மக்களே, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கவனித்தாயா எஸ்தர்? உன் ஆச்சி எதையும் காரணமில்லாமல் வைக்க மாட்டாள்.

எஸ்தர், 10:48
விழுந்த இடத்தில் தாளில் வட்டமாகக் கறை படிந்திருக்கிறது சித்தப்பா. யாத்திராகமம் 20.

தானியேல் சித்தப்பா, 10:49
பத்துக் கட்டளை!

எஸ்தர், 10:50
கறை சரியாக நாலாம் வசனத்தின் மேல் இருக்கிறது. "ஒரு விக்கிரகத்தையாகிலும் யாதொரு சொரூபத்தையாகிலும் நீ உனக்கு உண்டாக்கவேண்டாம்."

ஜெபராஜ், 10:51
ஐயோ. அந்தோணியாரை இரண்டாம் கட்டளையில் சிறை வைத்திருக்கிறாள்!

லூர்து, 10:53
வசனத்திலேயே சொரூபம் என்ற சொல் இருக்கிறதே. எங்கள் ஆச்சிக்கு இது தெரிந்திருந்தால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே ஒரு மணி நேரம் பேசியிருப்பாள்.

பெனிட்டா, 10:55
இரண்டாம் கட்டளை ஆண்டவர் பெயரை வீணாகச் சொல்லாதே என்பதல்லவா? எங்களுக்கு ஞானோபதேச வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

சூசை, 10:56
ஆரம்பித்துவிட்டாள். பெனிட்டா, இந்தக் கேள்வியால் நான் ஒன்பது வயதில் பட்ட பாடு உனக்குத் தெரியாது.

ஜெபராஜ், 10:56
சொல்லுங்கள் அண்ணன். இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

சூசை, 11:09
அப்போது எனக்குப் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை கொடுக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். பாவங்களை எந்தக் கட்டளை என்று எண் சொல்லி வரிசையாகச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். எனக்கு மனதை உறுத்திக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. மேலவீட்டு ஆச்சியின் பானையிலிருந்து இரண்டு சில்லுக்கருப்பட்டியை எடுத்துத் தின்றிருந்தேன். சாமியாரிடம் சொல்வதற்கு முன் ஆச்சியிடமே சொல்லிவிடலாம் என்று பெரிய மனிதனைப் போல் போனேன். திண்ணையில் ஓலை முடைந்துகொண்டிருந்தாள். "ஆச்சி, நான் ஏழாம் கட்டளையை மீறிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

கையிலிருந்த ஓலை கீழே விழுந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யாரோடுலே?" என்று கேட்டாள்.

நான், "தனியாகத்தான் ஆச்சி" என்றேன்.

ஜெபராஜ், 11:10
இதை நூறு முறை கேட்டுவிட்டேன். இப்போதும் பஸ்ஸில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

பெனிட்டா, 11:11
எனக்குப் புரியவில்லை மாமா.

தானியேல் சித்தப்பா, 11:20
புரியும்படி நான் சொல்கிறேன். மூல வசனத்தில் கட்டளைகளுக்கு எண் கிடையாது. பத்து என்ற தொகை மட்டும் உண்டு. பிரிப்பது எப்படி என்பதில்தான் வேறுபாடு. நாங்கள் விக்கிரகம் கூடாது என்பதைத் தனியாக இரண்டாவது என்று எண்ணுகிறோம். நீங்கள் அதை முதலாவதோடு சேர்த்துவிடுகிறீர்கள். அப்போது ஒன்று குறையுமல்லவா? கடைசியில் பிறர் மனைவியை ஒன்றாகவும் பிறர் உடைமையை ஒன்றாகவும் பிரித்துப் பத்தாக்குகிறீர்கள். ஆகவே நடுவில் எல்லாமே ஒரு எண் நகர்ந்துவிடும். உங்களுக்கு ஏழு களவு. எங்களுக்கு ஏழு விபசாரம்.

பெனிட்டா, 11:21
ஐயோ மாமா!

தானியேல் சித்தப்பா, 11:23
இன்னொன்று. இதை ஆர்.சி., பிராட்டஸ்டண்ட் சண்டை என்று நினைக்காதீர்கள். தரங்கம்பாடிப் பக்கம் லுத்தரன் சபையார் எங்களைப் போலச் சீர்திருத்தக்காரர்கள்தான். ஆனால் அவர்களும் களவை ஏழு என்றே எண்ணுகிறார்கள். பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் எண்ணிய முறையை அவர்கள் சபையைத் தொடங்கிய லுத்தர் மாற்றவில்லை. அங்கே போய்ச் சொல்லியிருந்தால் சூசை தப்பியிருப்பான்.

சூசை, 11:25
அது எனக்கு அன்றைக்கு யார் சொன்னார்கள்? ஆச்சி என் காதைப் பிடித்து வேலியருகே இழுத்துக்கொண்டு போய் எங்கள் ஆச்சியைக் கூப்பிட்டாள். இருவரும் எண்ணினார்கள், விரல் மடக்கி. எங்கள் ஆச்சி ஏழு என்கிறாள், மேலவீட்டு ஆச்சி எட்டு என்கிறாள். என்ன திருடினேன் என்று யாரும் கேட்கவே இல்லை. சாயந்திரம்வரை எண்ணினார்கள். நடுவில் நான் இன்னொரு கருப்பட்டி எடுத்திருந்தாலும் தெரிந்திருக்காது.

லூர்து, 11:27
இந்தக் கதையில் ஒவ்வொரு முறையும் கருப்பட்டியின் எண்ணிக்கை மாறுகிறது. போன கிறிஸ்துமஸுக்கு மூன்று என்றாய்.

எஸ்தர், 11:31
எனக்குப் பெயர்களில்தான் குழப்பம். உங்கள் வீட்டில் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்று பேசிக்கொள்வீர்கள். இராயப்பர் என்றால் உங்கள் கோயிலுக்கு நிலம் எழுதிவைத்த பண்ணையார் என்றே நினைத்திருந்தேன். அவர்தான் எங்கள் பேதுரு என்று பத்து வயதில் தெரிந்தபோது ஏமாற்றமாகப் போய்விட்டது.

சூசை, 11:33
சூசை என்றால் யோசேப்பு என்பதை நீ இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையே.

தானியேல் சித்தப்பா, 11:36
1995இல் வேதாகமத்தின் பொது மொழிபெயர்ப்பு வந்தபோது அந்தப் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. இராயப்பர் பேதுருவாகிவிட்டார். ஆனால் உங்கள் ஊரில் இராயப்பன் என்று பெயர் வைத்தவன் இராயப்பனாகவேதான் செத்தான்.

ஜெபராஜ், 11:40
என் பங்குக்கு ஒன்று. நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி. காலையில் எல்லோரும் கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்வோம். "தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும்" என்றதும் பள்ளி முழுக்க ஆமென் சொல்லி நிறுத்திவிடும். நான் கண்ணை மூடிக்கொண்டு "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தனியாக ஓடிக்கொண்டிருப்பேன். கண்ணைத் திறந்தால் முந்நூறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் வாரம் அழுதேன். இரண்டாம் வாரத்திலிருந்து வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேன்.

லூர்து, 11:42
நானும் அந்த முந்நூறு பேரில் ஒருத்தி. இவனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லையே என்று வீட்டுக்கு வந்து அம்மையிடம் கேட்டேன். "அவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வார்கள், நீ உன் வேலையைப் பார்" என்றாள். இப்போது பூசையில் நாங்களும் அதைச் சொல்கிறோம். நடுவில் சாமியார் சின்னதாக ஒரு செபம் சொல்லி முடித்த பிறகு. சொல்லும்போதெல்லாம் இந்தப் பையனின் சட்டைப்பித்தான் இல்லாத முதுகுதான் ஞாபகம் வரும்.

ஜெபராஜ், 11:43
முதுகில் ஏது பித்தான் அக்காள்?

லூர்து, 11:43
கிழிசல் என்று வைத்துக்கொள்.

எஸ்தர், 11:50
மணியை மறந்துவிட்டீர்களே. எங்கள் ஆச்சி உங்கள் கோயிலுக்குள் ஒருநாளும் கால் வைத்தவள் இல்லை. ஆனால் அவளுடைய நாள் முழுக்க உங்கள் மணியில்தான் ஓடியது. காலை மணிக்கு எழுவாள், மத்தியான மணிக்கு உலை இறக்குவாள், ஆறு மணிக்கு அடித்தால் விளக்கேற்றுவாள். அது திரிகால செபத்துக்கு அடிக்கும் மணி, மரியாளை வாழ்த்தும் மங்கள வார்த்தையைச் சொல்லுவதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

லூர்து, 11:52
சொல்லியிருந்தால் உலையை இறக்கியிருக்க மாட்டாள். எங்கள் ஆச்சி மணி கேட்டதும் நின்ற இடத்திலேயே "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று தொடங்குவாள். புதிய செபம் வந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அவள் வாயில் பழையதுதான்.

எஸ்தர், 11:55
பெரிய வியாழன் பூசை நடுவில் நிற்கும் மணி சனிக்கிழமை இரவுவரை அடிக்காதல்லவா? அந்த இரண்டு நாளும் எங்கள் ஆச்சிக்குத் தலை கால் புரியாது. பெரிய வெள்ளியன்று எங்களுக்குப் பன்னிரண்டு முதல் மூன்றுவரை மும்மணி ஆராதனை. ஒரு வருஷம் அதற்கே தாமதமாகப் போனாள். திரும்பி வந்து வேலியில் நின்று, "உங்கள் சாமியாருக்கு உடம்பு சரியில்லையா, மணி ஏன் அடிக்கவில்லை?" என்று சண்டை பிடித்தாள்.

சூசை, 11:58
அந்த வேலியில் ஓட்டை விழுந்த இடத்தை யாரும் அடைக்கவே இல்லை. உங்கள் கோயில் விருந்தின் அசனச் சோறு வந்ததும், எங்கள் திருவிழாப் பொரி போனதும் அதன் வழியாகத்தான்.

ஜெபராஜ், மதியம் 12:10
எல்லாம் சோறும் பொரியுமாகவே இருந்தது போலப் பேசுகிறோம். செல்லம் அத்தை விஷயத்தையும் சொல்ல வேண்டுமல்லவா?

லூர்து, 12:12
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சூசை, 12:13
வேண்டாம் தம்பி.

ஜெபராஜ், 12:19
வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். அத்தையின் கல்யாணம், கோயிலில் அறிவிப்பு ஓலை வாசிக்கும் தேதிவரை பேசிய பிறகு எந்தக் கோயிலில் என்பதில் நின்றுபோனது. அத்தை கடைசிவரை தனியாகவே இருந்தாள். இரண்டு ஆச்சிமாரும் அதில் ஒரே பக்கம் நின்றார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. அதன்பின் ஒரு வருஷம் அந்த ஓட்டை வழியாக ஒன்றும் போகவில்லை, வரவில்லை.

தானியேல் சித்தப்பா, 12:31
உண்மைதான். நான் அப்போது வாத்தியார் வேலைக்குப் புதிது. பேசியிருக்கலாம். பேசவில்லை.

சுரூபத்துக்கு வருவோம். எப்படி வந்தது என்று யாருக்குமே தெரியாதா? லூர்து, உன் அம்மையைக் கேள்.

லூர்து, 12:40
தூங்குகிறாள். எழுந்ததும் படத்தைக் காட்டுகிறேன்.

பெனிட்டா, மாலை 4:52
பாட்டி எழுந்துவிட்டாள். படத்தைப் பார்த்ததும் போனைக் கையில் வாங்கி முத்தமிட்டுவிட்டாள். பிறகு பேசத் தொடங்கினாள். சொன்னதை எழுதுகிறேன், நடுவில் நிறுத்தாதீர்கள்.

பெனிட்டா, 5:14
"அது என் மாமியாருடையது. உவரி அந்தோணியார் கோயிலுக்குப் போனபோது வாங்கிச் சாமியாரிடம் மந்திரித்துக் கொண்டுவந்தது. ஜெபராஜுக்கு டைபாய்டு வந்து கிடந்தான். அந்தச் செல்லம் பேச்சு நின்றுபோன வருஷம். இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. பதினெட்டாம் நாள் பையனுக்கு நினைவு தப்பியது. மாமியார் ராத்திரி ஓட்டை வழியாகப் போய், பையன் தலையணைக்குக் கீழே இதை வைத்துவிட்டு வந்துவிட்டாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள். மறுநாள் காலையில் மேலவீட்டு அம்மை வேலியில் வந்து நிற்கிறாள், கையில் இது. முகத்தில் சிரிப்பில்லை. 'இதை எடுத்துக்கொண்டு போ, என் வீட்டில் இது கூடாது' என்றாள். மாமியார் கையை நீட்டவில்லை. 'பையன் எழுந்து நடக்கட்டும், அப்புறம் கொடு' என்றாள். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். பையன் எழுந்து நடந்தான். அவள் கொடுக்கவில்லை. மாமியாரும் கேட்கவில்லை. பேச்சு மட்டும் மறுபடி வந்தது, முதலில் மணியைப் பற்றி."

எஸ்தர், 5:16
எனக்கு எழுத வரவில்லை.

ஜெபராஜ், 5:22
எனக்கு ஊசி போட்ட டாக்டரின் சைக்கிள்தான் ஞாபகம் இருக்கிறது. இது தெரியவே தெரியாது.

சூசை, 5:25
ஆக, கொடுக்கவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் மனமில்லை. அதனால் அந்த வசனத்தின் மேலேயே வைத்து மூடியிருக்கிறாள்.

தானியேல் சித்தப்பா, 5:27
அல்லது அந்த வசனத்தை மறைக்க வைத்தாளோ?

எஸ்தர், 5:29
சித்தப்பா, அப்படியும் இருக்கலாம். ஆச்சியிடம் கேட்டிருந்தால் இரண்டுமில்லை என்று அடித்திருப்பாள்.

பெனிட்டா, 5:31
பாட்டி இன்னும் முடிக்கவில்லை. "கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமலிருப்பது ஏழாம் கட்டளை. எஸ்தரிடம் சொல், கொண்டுவந்து கொடுக்கட்டும்" என்கிறாள்.

ஜெபராஜ், 5:32
எட்டாம் கட்டளை.

சூசை, 5:32
வாயை மூடு.

எஸ்தர், 5:35
நாளைக்கே கொண்டுவருகிறேன் பெரியம்மா. ஆராதனை முடியப் பத்தரை ஆகும், அதற்குப் பிறகு.

லூர்து, 5:36
இரண்டாம் பூசைக்குப் போய்விட்டு நாங்களும் பதினொன்றுக்குள் வந்துவிடுவோம். சாப்பாடு இங்கேதான். சூசை அண்ணனையும் வரச் சொல், சில்லுக்கருப்பட்டி வாங்கிக்கொண்டு. மூன்று.

சூசை, 5:37
இரண்டு.

ஜெபராஜ், 5:41
ஒன்று கேட்கலாமா? வைத்தது என் தலையணைக்குக் கீழே. நடந்தவனும் நான். அதை எனக்கே கொடுத்துவிடக் கூடாதா? நான் ஒன்றும் கும்பிடப்போவதில்லை. சும்மா வைத்திருக்க.

பெனிட்டா, 5:44
பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். "எத்தனை வருஷமாகிறது அவன் ஊருக்கு வந்து? வேண்டுமென்றால் வேலி வழியாக வந்து என் கையில் வாங்கிக்கொள்ளச் சொல். போனில் கேட்கக் கூடாது" என்கிறாள்.

ஜெபராஜ், 5:45
வேலி இன்னும் இருக்கிறதா?

லூர்து, 5:46
மதில் கட்டிவிட்டோம். வாசல் வழியாக வா.

ஜெபராஜ், 6:02
டிக்கெட் பார்க்கிறேன்.