டெம்பிள் கிராண்டின் ரசிகர்களுக்கு: வளைவு யாருடையது?

செவலை: "அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் மட்டும் மாடுகளை ஓட்டிப்போகும் வளைந்த பாதையைக் கண்டுபிடிக்காமல் போயிருந்தால் அமெரிக்க மாடுகள் இன்னும் அடிபட்டுத்தான் இறைச்சிக்கூடத்துக்குப் போகும்" என்று நேற்று வேறொரு திரியில் பட்டிக்காவல் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அவருக்கு முன்பே பண்ணைகளில் வளைந்த பாதை உண்டு ஐயா.

பட்டிக்காவல்: வந்துவிட்டார்! யார் முதலில் வளைத்தார் என்பதா விஷயம்? 1970களில் அரிசோனாவில் மாடு போகும் பாதைக்குள் தானே இறங்கிப் பார்த்தவர் அவர். தொங்கும் சங்கிலி, வேலியில் கிடக்கும் சட்டை, தரையில் விழும் நிழல், இதற்கெல்லாம்தான் மாடு மிரண்டு நிற்கிறது என்று கண்டார். மற்றவர்கள் கையில் இருந்தது, அதிர்ச்சி கொடுத்து மாட்டை ஓட்டும் மின்குச்சி.

செவலை: நிழல் கதை எனக்கும் தெரியும். நான் கேட்டது வளைவு. பட் வில்லியம்ஸ் என்று மாடு ஓட்டக் கற்றுக்கொடுத்த ஒருவர் இருந்தார், கேள்விப்பட்டதுண்டா? வெறும் செவ்வகப் பட்டி. அடி இல்லை, அதட்டல் இல்லை, மாடு தானாகப் போகும். 'பட் பாக்ஸ்' என்று இன்றும் அமெரிக்கப் பண்ணைகளில் கட்டுகிறார்கள். அதில் வளைவு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

கணக்கன்: இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதானே? மாடு வந்த வழியே திரும்பத்தான் பார்க்கும். வளைவில் திரும்பிப் போகிறோம் என்று நினைத்து நடக்கிறது. பட்டியில் கடைசி வேலிவரை போய்த் திரும்பி, வாசலை ஒட்டிய பாதைக்குள் நுழைகிறது.

செவலை: கணக்கன், குறுக்கே வராதீர்கள். வளைவு வேண்டுமா வேண்டாமா?

பட்டிக்காவல்: பட் வில்லியம்ஸ் மாதிரி மாட்டின் மனசு தெரிந்த ஆளுக்குச் செவ்வகம் போதும். இறைச்சிக்கூடத்தில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கு? அங்கே வளைவும் வேண்டும், வெளியே தெரியாமல் அடைத்த சுவரும் வேண்டும்.

செவலை: ஆக, வளைவு மாட்டுக்காக இல்லை, வேலை தெரியாத ஆளுக்காக. நன்றி, இதைத்தான் நானும் சொல்கிறேன்.

பச்சைக்கிளி: கடைசியில் கொல்லத்தானே கூட்டிப் போகிறார்கள்? இதற்குப் பெயர் விலங்கு நலனா?

பட்டிக்காவல்: கிளி, நீங்கள் பால் குடிப்பீர்களா மாட்டீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பச்சைக்கிளி: போன மாதமே சொல்லியாகிவிட்டது. நீங்கள் படிக்கவில்லை, திட்ட மட்டும் வந்தீர்கள்.

கணக்கன்: வளைவை விடுங்களேன். அவருடைய பெரிய வேலை, நலனை எண்ணிக்கையால் அளக்க வைத்தது. 1999இல் மெக்டொனால்ட்ஸுக்கு இறைச்சி தரும் கூடங்களை அவருடைய அளவுகோலில்தான் தணிக்கை செய்தார்கள். வெட்டும் முன் மாட்டை நினைவிழக்கச் செய்யும் ஆணித் துப்பாக்கியின் முதல் அடியிலேயே 100க்கு 95 மாடாவது நினைவிழக்க வேண்டும். கத்தும் மாடு 100க்கு 3க்கு மேல் போகக் கூடாது. எத்தனை வழுக்கி விழுகின்றன, எத்தனைக்கு மின்குச்சி பட்டது என்றும் கணக்கு. பாதை நேரா வளைவா என்பதற்கு அதில் மதிப்பெண்ணே கிடையாது.

செவலை: பார்த்தீர்களா! அவருடைய தணிக்கையே வளைவைக் கேட்கவில்லை.

கணக்கன்: நான் சொன்னது அது இல்லை.

செவலை: நீங்கள் சொன்னதுதான். மேலே இருக்கிறது.

பட்டிக்காவல்: ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்குவது இவருக்குப் பழக்கம். ஆட்டுக் கொட்டகைத் திரியிலும் இதே கதைதான். நான்கு பக்கம் ஓடியது.

செவலை: ஆடு எங்கே வந்தது இங்கே? அன்றைக்குப் பாதியில் கிளம்பிப் போனது நீங்கள்தான்.

பட்டிக்காவல்: தூங்கப் போனேன் ஐயா, எனக்கு வேலைவெட்டி இருக்கிறது.