‘தக்’ என்று யாரை, எங்கே சொல்லக் கேட்டிருக்கிறீர்கள்?

பால்டிமோர்வாசி

நம் ஊரில் யாராவது சுருக்கென்று ஒரு பதில் சொன்னால் போதும், ‘தக் லைஃப்’ என்று போட்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பின்னணியில் ராப் ஓடவிட்டு அனுப்பிவிடுகிறோம். 2025இல் மணிரத்னமும் கமலும் சேர்ந்த படத்துக்கே அதுதான் பெயர். இந்தச் சொல்லை வேறு முகத்தோடு பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2015 ஏப்ரலில் நான் அமெரிக்காவில், பால்டிமோரில் படித்துக்கொண்டிருந்தேன். ஃப்ரெடி கிரே என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞரைப் போலீஸ் பிடித்து வேனில் ஏற்றியது. கழுத்தில் தண்டுவடம் சேதமாகி, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, 19ஆம் தேதி இறந்தார். 27ஆம் தேதி இறுதிச் சடங்கு. அன்று மதியமே ஊர் பற்றிக்கொண்டது. பென்சில்வேனியா அவென்யூவும் நார்த் அவென்யூவும் சேரும் முனையில் ஒரு மருந்துக்கடை எரிந்ததை உலகமே டிவியில் பார்த்தது. மறுநாளிலிருந்து இரவு பத்து மணி முதல் காலை ஐந்து வரை ஊரடங்கு.

அந்த வாரம் ஒருநாள் முடிவெட்டப் போனேன். வழக்கமாகப் போகும் கடைதான். என்னைத் தவிர எல்லாரும் கறுப்பினத்தவர். டிவியில் ஒபாமா பேசியதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். கடைகளைச் சூறையாடியவர்களை அவர் ‘கிரிமினல்கள், தக்குகள்’ என்றார். அங்கே ‘தக்’ என்றால் முரட்டு ரவுடி. அந்த ஊர் மேயர் ஸ்டெஃபனி ராலிங்ஸ்-பிளேக்கும் அதற்கு முன்பே அதே சொல்லைச் சொல்லியிருந்தார். இருவருமே கறுப்பினத்தவர்கள் என்பதால் எனக்கு முதலில் அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. கடையில் அப்படி இல்லை. கத்தரியை நிறுத்திவிட்டு டிவியைப் பார்த்து முனகினார்கள். நகர மன்ற உறுப்பினர் கார்ல் ஸ்டோக்ஸ் சிஎன்என் பேட்டியில் இதற்காகவே கொதித்தார். அடிமைக் காலத்து வசைச்சொல்லையே நேராகச் சொல்லிவிட்டுப் போங்களேன், எதற்கு இந்தச் சுற்றுவழி என்கிற அர்த்தத்தில் கேட்டார். மேயர் பிறகு தன் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

எனக்கு முடிவெட்டிக்கொண்டிருந்த பெரியவர் சொன்னது இது. “ரிச்சர்ட் ஷெர்மன் ஞாபகம் இருக்கா? ஸ்டான்ஃபோர்டில் படிச்ச பையன், அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுறவன். போன வருஷம் ஜனவரியில் மேட்ச் ஜெயிச்ச சூட்டில் மைக்குல கத்திப் பேசினான். அவ்வளவுதான். மறுநாள் டிவி முழுக்க அவன் தக். ஆட்டத்தில் அடிதடி பண்ணினவன் எவனையும் அப்படிச் சொல்லல.” ஷெர்மனும் அப்போது இதைத்தான் சொன்னார்: அந்த வசைச்சொல்லை வெளியே சொல்ல முடியாதவர்கள் அதற்குப் பதிலாக இதைச் சொல்கிறார்கள் என்று.

பேச்சு ராப் பாடகர் டூபாக் ஷக்கூர் பக்கம் திரும்பியது. டூபாக் சிறுவயதில் பால்டிமோரில்தான் இருந்தார், அங்கே கலைப் பள்ளியில் படித்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிற்பாடு கலிபோர்னியா போய், ‘தக் லைஃப்’ என்று வயிற்றில் பெரிதாகப் பச்சை குத்திக்கொண்டார், அதே பெயரில் ஒரு குழு வைத்து 1994இல் ஆல்பமும் போட்டார். அந்த எழுத்துகளுக்கு அவர் ஒரு விரிவு கொடுத்தார். குழந்தைகளுக்கு நீங்கள் ஊட்டும் வெறுப்பு கடைசியில் எல்லாரையும் நாசமாக்கும் என்பது அதன் சாரம். ஊர் தங்களைத் திட்டுகிற சொல்லையே எடுத்து உடம்பில் எழுதிக்கொண்ட ஆள். இருபத்தைந்து வயதில் லாஸ் வேகாஸில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் போனில் காலேஜ் குரூப்பிலிருந்து ஒரு வீடியோ வந்தது. கவுண்டமணி. எதிராளி ஏதோ கேட்கிறார், இவர் ஒரே வரியில் வாயை அடைக்கிறார், கண்ணாடி மேலிருந்து இறங்குகிறது, ‘தக் லைஃப்’. பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“யார் இது?”

“எங்க ஊர் காமெடி நடிகர்.”

“என்ன செஞ்சார்?”

“ஒண்ணும் செய்யல. பதில் சொன்னார்.”

“பதில் சொன்னதுக்கா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

---

ஜபல்பூர் தமிழன்

வேலைக்காக ஜபல்பூர் வந்து செட்டிலானவன் நான். இந்தச் சொல்லின் பிறந்த வீடு ஏறக்குறைய இங்கேதான். கட்னி போகும் வழியில் ஸ்லீமனாபாத் என்று ஒரு ஸ்டேஷன் வரும். வில்லியம் ஸ்லீமன் பெயரில் வந்த ஊர். ‘தக்’ எனப்பட்ட வழிப்பறிக் கூட்டங்களை ஒழிக்க 1830களில் வேட்டை நடத்திய கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி அவர்தான்.

அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு உள்ள முரட்டுத்தனம் ஹிந்தியில் கிடையாது. இங்கே ‘டக்’ என்றால் ஏமாற்றுக்காரன். ‘டக்னா’ என்றால் ஏமாற்றுவது. நான் வந்த புதிதில் மார்க்கெட்டில் புடவை வாங்கிக்கொண்டு வந்த என் மனைவியிடம் பக்கத்து வீட்டு அம்மா, “உன்னை நல்லா டக் பண்ணிட்டான்” என்றார். கடைக்காரன் விலையில் மொட்டையடித்துவிட்டான், அவ்வளவுதான். கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. ரயிலில் ஒரு சாது மாயையை மகா ‘டக்னி’ என்று பாடிக்கொண்டு வந்தார். கபீர் பெயரில் வழங்கும் பஜனை அது. பனாரஸ் டக் என்று ஒரு வழக்கும் உண்டு. அந்த ஊரில் பர்ஸைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

பழைய கதைகளிலும் ‘தக்’ கூட்டத்தாரின் முதல் ஆயுதம் பேச்சுதான். வியாபாரி மாதிரியோ யாத்ரீகர் மாதிரியோ வந்து வழிப்போக்கர்களோடு சேர்ந்துகொள்வார்கள். நாள்கணக்கில் கூடவே நடப்பார்கள், சமைத்துச் சாப்பிடுவார்கள். நம்பிக்கை வந்த பிறகு ஒரு நாள், கைக்குட்டையால் கழுத்தை நெரிப்பார்கள். இப்படித்தான் ஸ்லீமனின் வாக்குமூலங்கள் சொல்கின்றன. அந்த வாக்குமூலங்கள் பெரும்பாலும் ‘அப்ரூவர்’ ஆனவர்கள் கொடுத்தவை என்பதையும் சொல்ல வேண்டும். தூக்கிலிருந்து தப்ப, கேட்பவர் விரும்புவதைச் சொல்லக்கூடியவர்கள். பவானி தேவிக்காகக் கொலை செய்யும் ரகசிய மதக்கூட்டம் என்ற படம் அப்படி எவ்வளவு தூரம் ஊதிப் பெரிதாக்கப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். வழிப்பறிக் கொலைகள் நடந்தது நிஜம். ரகசிய மதத்தை நான் அவ்வளவாக நம்பவில்லை.

1839இல் மெடோஸ் டெய்லர் எழுதிய நாவல் லண்டனில் சக்கைப்போடு போட்ட பிறகுதான் இங்கிலாந்துக்காரர்கள் வாயில் இந்தச் சொல் ஏறியது. அங்கிருந்து அமெரிக்கா. இத்தனை ஊர் சுற்றிவிட்டு வந்த பிறகு இங்கேயே அதற்கு அடையாளம் தெரியவில்லை: என் பையன் வீட்டில் ‘தக்’ என்கிறான், தெருவில் ‘டக்’ என்கிறான். இரண்டும் ஒரே சொல் என்று சொன்னால் நம்ப மறுக்கிறான்.

---

ஆங்கில டீச்சர்

சின்ன அனுபவம்தான். ஒன்பதாம் வகுப்பு, ‘நான் மதிக்கும் மனிதர்’ என்று கட்டுரை. ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் இப்படி ஆரம்பித்திருந்தாள்: என் பாட்டி ஒரு தக்.

பஸ்ஸில் சில்லறை தர மறுத்த கண்டக்டரிடம் பாட்டி என்ன சொன்னார், பாகப்பிரிவினையில் மாமாவை எப்படி வாயடைத்தார் என்று இரண்டு பக்கம். அருமையான கட்டுரை. அகராதிப்படி அவள் தன் பாட்டியை முரட்டு ரவுடி என்கிறாள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் இதற்கு மார்க் குறைப்பதா வேண்டாமா என்று மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டை. நான் குறைக்கவில்லை. சீனியர் டீச்சர் ஒருவர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

---

உசிலம்பட்டிப் பேத்தி

ஜபல்பூர் அண்ணன் ஸ்லீமனோடு நிறுத்திவிட்டார். எங்களுக்குக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

1836இல் போட்ட ‘தக்’ சட்டத்தில் ஒரு விபரீதம் உண்டு. ஒருவன் கொலை செய்தான் என்று நிரூபிக்கவே வேண்டாம். ‘தக்’ கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று நிரூபித்தால் போதும், ஆயுள் தண்டனை. அதுவும், சட்டம் வருவதற்கு முன்பு சேர்ந்திருந்தாலும் சரி. செய்கைக்குத் தண்டனை போய், சேர்மானத்துக்குத் தண்டனை. இந்த யோசனை வெள்ளைக்காரனுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தபோது முழுச் சாதிகளையே அப்படிப் பார்த்தார்கள். தச்சன் மகன் தச்சன் மாதிரி, திருடன் மகன் திருடன் என்ற கணக்கு. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்து, சில வருடங்களில் எங்கள் பிரமலைக் கள்ளர் ஊர்கள் மேல் விழுந்தது.

எங்கள் பக்கம் யாரும் அதைக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று சொல்லிப் பழக்கமில்லை. ரேகைச் சட்டம் என்பார்கள். கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். கச்சேரி என்றால் போலீஸ் ஸ்டேஷன். என் அப்பத்தா சொல்லும்: “கல்யாணமான மறுநாளே மாப்பிள்ளை கச்சேரியில படுக்கப் போயிருவாரு. அதுதான் எங்களுக்கு மறுவீடு.” சொல்லிவிட்டு அதுவே சிரிக்கும். கேட்கிற எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது.

ரேகை வைக்க மாட்டோம் என்று பெருங்காமநல்லூர் ஊரே நின்றது. 1920 ஏப்ரல் 3. போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். இன்றும் ஏப்ரல் 3 அன்று அந்த நினைவுத்தூணுக்கு மாலை போடுகிறோம். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போக 1947 ஆனது, நாடு முழுக்கப் போக 1952. எங்களுக்காக வாதாடிய வக்கீல் ஜார்ஜ் ஜோசப்பை எங்கள் ஆட்கள் ‘ரோசாப்பூ துரை’ என்றார்கள். அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கே வைத்த வீடுகள் உண்டு.

என் அனுபவத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தபோது என் சொந்த ஊர் தெரிந்ததும் ஒரு ரூம்மேட், “ஏ, நீங்கல்லாம் செம தக் ஆச்சே” என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். சுற்றி இருந்தவர்களும் கை தட்டினார்கள். இன்னொருத்தி அன்றைக்கு ராத்திரி தன் பெட்டிக்குப் புதிதாக ஒரு பூட்டு போட்டாள். அவளும் என்னோடு சிரித்துத்தான் பேசுவாள். எந்த ‘தக்’ யாருக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

---

ஓய்வு ஏட்டு

நான் பார்த்த சொல் ரவுடி. அதுவும் அமெரிக்காவில் பிறந்து வந்ததுதான் என்று படித்திருக்கிறேன். அங்கே இப்போது அது பெரும்பாலும் சத்தம் போடும் கூட்டத்துக்கு அடைமொழி. நம் ஊரில் அது ஒரு பதவி. ஸ்டேஷனில் லிஸ்ட் உண்டு. ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரம் பிரித்து வைத்திருப்போம். பேப்பர்காரர்கள் ‘சரித்திரப் பதிவேடு குற்றவாளி’ என்று எழுதுவது எங்கள் பாஷையில் ஹெச்.எஸ்.

கேடியும் எங்கள் ஸ்டேஷன் சரக்குதான். பழைய பதிவேடுகளில் பழைய குற்றவாளிகளை ‘known depredator’ (தெரிந்த கொள்ளைக்காரன்) என்று எழுதி, சுருக்கமாகக் கே.டி. என்பார்கள். இப்போது பாட்டிமார்கள் பேரனை மடியில் போட்டுக்கொண்டு “கேடிப் பயலே” என்று கொஞ்சுகிறார்கள். நானே கொஞ்சியிருக்கிறேன்.

ஒரு பையன் புதிதாக லிஸ்டில் ஏறியவன். வாரம் தவறாமல் வந்து கையெழுத்துப் போடுவான். “ஏட்டையா, நான் இன்னும் சி தானா?” என்று ஒருநாள் கேட்டான். அவன் கூட்டாளி பி ஆகிவிட்டானாம். வெட்கக்கேடு போலும். கொஞ்ச வருடம் கழித்து அவன் அம்மா வந்து நின்றார். பையன் திருந்தி ஆட்டோ ஓட்டுகிறான், பெண் பார்க்கப் போகிற இடத்தில் எல்லாம் எவனாவது ஸ்டேஷன் லிஸ்ட் விஷயத்தைச் சொல்லிவிடுகிறான், பெயரை எடுத்துவிடுங்கள் என்று. மனு எழுதி மேலே அனுப்பினோம். பெயரைச் சேர்க்க ஒரு நாள் போதும். எடுக்க எத்தனை படி ஏற வேண்டும் என்பது அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். நான் ரிட்டயர் ஆகும்வரை ஃபைல் நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

உசிலம்பட்டித் தங்கச்சி எழுதியதற்கு ஒரு ஒட்டு. ஸ்லீமன் காலத்து ‘தக்கி’ இலாகா 1904 வரை உயிரோடு இருந்தது. அதைக் கலைத்துவிட்டுத் தொடங்கிய மத்தியக் குற்றப் புலனாய்வு இலாகா வழியாக வந்ததுதான் இன்றைய உளவுத்துறை. அதனால் எங்கள் டிபார்ட்மெண்ட் பழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டாம்.

---

பால்டிமோர்வாசி

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், அந்தப் பாட்டிக்கு என் ஓட்டு. முழு மார்க்.

அமெரிக்காவில் ஆபீஸில் இதைச் சொல்லலாமா என்று இரண்டு பேர் தனியே கேட்டிருந்தார்கள். சொல்லாதீர்கள். 2020இல் மினியாபோலிஸில் போலீஸ் பிடியில் இறந்த ஜார்ஜ் ஃப்ளாய்டுக்காகத் தெருவில் இறங்கியவர்களை ட்ரம்ப் ட்விட்டரில் பெரிய எழுத்துகளில் ‘தக்ஸ்’ என்றார். அதற்குப் பிறகு யார் எந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. எங்கள் டீமில் சென்னையிலிருந்து புதிதாக வருகிற பையன்களிடம் முதல் வாரமே சொல்லிவிடுகிறேன்: கவுண்டமணி ஸ்டிக்கரைத் தாராளமாக அனுப்பு, கீழே இருக்கிற அந்த இரண்டு சொல்லை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பு.