ஒரே சொல்லுக்கு நேரெதிரான இரண்டு பொருள்: அரபியில் இது எப்படி?

கேள்வி (ஓரக்குறிப்பு):
மூன்று வருடமாக அரபி படிக்கிறேன். போன வாரம் குர்ஆன் 81:17-இல் நின்றுவிட்டேன். இரவைப் பற்றி வரும் 'அஸ்அஸ' என்ற வினைக்கு 'கவிகிறது' என்கிறது ஒரு விரிவுரை, 'விலகுகிறது' என்கிறது இன்னொன்று. பென்சிலால் ஒன்றை எழுதுவேன், அழித்துவிட்டு மற்றதை எழுதுவேன். புத்தகத்தின் ஓரமே தேய்ந்துவிட்டது. நம் 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்ததே, அதுபோல் காலப்போக்கில் மாறியதா? இல்லை, ஒரே காலத்தில் இரண்டும் இருந்தனவா?

பதில் (பழஞ்சுவடி):
ஒரே காலத்தில் இரண்டும் இருந்தன. இப்படிப்பட்ட சொற்களுக்கு 'அள்தாத்' என்று பெயர். இவற்றைத் தொகுப்பதற்கென்றே நூல்கள் எழுதினார்கள். நான் திரும்பத் திரும்பப் படிப்பது 940-இல் இறந்த மொழியறிஞர் இப்னுல் அன்பாரியின் நூல். இது அரபியின் குறை என்று பழித்தவர்களுக்கு அவர் சொன்ன பதில்: பேச்சின் முன்பாதியைப் பின்பாதி திருத்தும், கடைசிச் சொல் வரும்வரை பொருள் முடிவதில்லை.

அவர் காட்டும் சொல் 'ஜலல்'. பெரியது, அற்பமானது இரண்டும் இதுதான். "மரணத்தைத் தவிர எல்லாமே ஜலல்" என்கிறது ஒரு பழைய அடி. இங்கே அற்பம் என்றுதான் எடுக்க முடியும். இன்னொரு கவிஞனின் உடன்பிறந்தவனை அவன் இனத்தாரே கொன்றுவிட்டார்கள். அம்பு எய்தால் அது தன்னையே தைக்கும் என்கிறான். "மன்னித்தால் ஜலலை மன்னிக்கிறேன்." இங்கே அற்பம் என்று எந்தக் காதுக்கும் கேட்காது. இந்த இரண்டு அடிகளையும் அடுத்தடுத்து முதன்முதலாகப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சில சொற்கள் குலவழக்கால் வந்தவை. 'சுத்ஃபா' தமீம் குலத்தாருக்கு இருட்டு, கைஸ் குலத்தாருக்கு வெளிச்சம். 'வஸப' அரபியில் தாவுதல், பழைய யெமனின் ஹிம்யரி மொழியில் உட்காருதல். ஹிம்யரிகளின் தலைநகரான ழஃபாரில் அரசன் இந்தச் சொல்லால் 'உட்கார்' என்று சொல்ல, வந்த அரபு மனிதன் உயரத்திலிருந்து குதித்துவிட்டான் என்று ஒரு கதை உண்டு. அப்புறம், அள்தாத் என்று ஒன்றே இல்லை என மறுத்த இப்னு துருஸ்தவைஹியும் அதே நூற்றாண்டுக்காரர்தான். ஆக, அப்போதே இது சர்ச்சைதான்.

பதில் (மூன்றாம் வரிசை):
இஸ்லாமியச் சட்டத்தில் இது வெறும் சொல்லாராய்ச்சியாக நிற்கவில்லை. 2:228-இல் மணவிலக்கு பெற்ற பெண் மூன்று 'குரூ' காத்திருக்க வேண்டும் என்று வருகிறது. அதன் ஒருமையான 'குர்' மாதவிடாயையும் குறிக்கும், அது இல்லாத தூய்மை நாட்களையும் குறிக்கும். சட்டப் பள்ளிகளில் ஹனஃபிகள் முதலதை எடுத்தார்கள், ஷாஃபிகளும் மாலிகிகளும் இரண்டாவதை. ஷாஃபிகள் தரப்பில் ஒரு இலக்கண வாதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அரபியில் மூன்று முதல் பத்து வரையான எண்கள் பெண்பால் விகுதியோடு வந்தால், எண்ணப்படும் பெயர் ஆண்பால். வசனத்தில் 'மூன்று' அந்த விகுதியோடு நிற்கிறது. தூய்மையைக் குறிக்கும் 'துஹ்ர்' ஆண்பால், மாதவிடாய்க்கான 'ஹைளா' பெண்பால். ஒரு பெண்ணின் இத்தா, அதாவது அந்தக் காத்திருப்புக் காலம், எந்த நாளில் முடிகிறது என்பது இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

பதில் (பழஞ்சுவடி):
சூஃபிகளை விட்டுவிட்டோமே. பக்தாதின் அபூ ஸயீத் அல்கர்ராஸிடம் இறைவனை எதனால் அறிந்தாய் என்று கேட்டபோது, அவன் எதிர்களை ஒன்றுசேர்ப்பதால் என்றார். "அவனே முதலும் முடிவும், வெளியும் உள்ளும்" என்ற 57:3-ஐ ஓதினார். எதிரிரண்டு ஒரே பொருளில் ஒரே நேரத்தில் ஒரே வகையில் சேரா என்பது தர்க்கம். அதனால் சிலர் 'ஒரு வகையில் முதல், வேறு வகையில் முடிவு' என்று பிரித்துச் சமாதானம் சொன்னார்கள். கர்ராஸின் சொல்லை எடுத்து விரித்த சூஃபி அறிஞர் இப்னு அரபி (1165–1240) அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. எதனால் முதலோ அதனாலேயே முடிவு என்றார். அந்த இடத்தில் சமாதானம் தேடாததுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

ஓரக்குறிப்பு:
இருவருக்கும் நன்றி. 'ஜலல்' வழியை என் வசனத்தில் வைத்துப் பார்த்தேன். அடுத்தது 81:18, "மூச்சுவிடும் காலையின் மீது சத்தியமாக". இரவு விலகினால்தானே காலை மூச்சுவிடும், சரி, 'விலகுகிறது'தான் என்று எழுதினேன். பிறகு 92:1-2 நினைவுக்கு வந்தது. அங்கே இரவு மூடுகிறது, பகல் ஒளிர்கிறது, இரண்டும் வருகின்றன. அந்தக் கணக்கில் 'கவிகிறது'தான் பொருந்துகிறது. இந்தமுறை அழிக்கவில்லை. இரண்டையும் எழுதி, பக்கத்தில் 92:1 என்று குறித்து வைத்திருக்கிறேன்.