வாடிகன் முற்றத்தில் பிளந்து நிற்கும் வெண்கலக் கோளம்: இதில் என்ன ஆன்மிகம்?

நாடோடி:
நேற்று அம்மாவோடு வாடிகன் அருங்காட்சியகம் போயிருந்தேன். பைன்காய் முற்றத்தில் இத்தாலியச் சிற்பி அர்னால்டோ பொமோடோரோ செய்த 'கோளத்துக்குள் கோளம்' இருக்கிறது. 1990இல் வைத்தது, 4 மீட்டர் விட்டம். வெளியே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, நடுவே பிளவு, உள்ளே பல்சக்கரம் போல என்னென்னவோ. அதற்குள் இன்னொரு கோளம், அதிலும் விரிசல். அம்மா வெகுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "கும்பிடத் தோணுதுடா" என்றார். சிலுவை இல்லை, முகம் இல்லை. எதனால் அப்படித் தோன்றுகிறது?

கோவைப் பட்டறை:
தம்பி, நான் முப்பது வருஷமாக நகை வேலை செய்கிறவன். பொமோடோரோவும் ஆரம்பத்தில் நகை செய்தவர்தான், அதனால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கணவாய் ஓடு விற்பார்களே, தொடக்கத்தில் அதில்தான் அச்சு எடுத்தார். நானும் செய்திருக்கிறேன். ஓட்டின் மெத்தென்ற பக்கத்தில் நகத்தாலேயே கீறலாம். வெள்ளியை ஊற்றினால் கீறிய பள்ளம் மேடாக எழும்பும், கூடவே ஓட்டின் வரிகளும் அலையலையாக உலோகத்தில் ஏறிவிடும். ஓடு கருகிப்போகும். கடலில் கிடந்த ஓர் உயிரின் ரேகை வெள்ளியில் நிற்கும். அப்புறம் களிமண்ணில் குறிகளை அழுத்தி, அதிலிருந்து வெண்கலம் வார்த்தார். அளவு பெரிதானாலும் கைப்பழக்கம் அதேதான். நீங்கள் பல்சக்கரம் என்பது எனக்குப் பழைய மெசபடோமியாவின் ஆப்பெழுத்துக் களிமண் பலகை போலத்தான் தெரிகிறது, படிக்க முடியாத எழுத்து.

நியூயார்க்கில் ருமேனியச் சிற்பி பிராங்குசியின் வழவழப்பான சிற்பங்களைப் பார்த்தபோதுதான் அப்படியொரு முழு வடிவத்தைக் குடைந்து உள்ளே பார்க்க வேண்டும் என்று பொமோடோரோவுக்குத் தோன்றியது. 1963இல் முதல் கோளம் வந்தது.

முகம் இல்லை என்கிறீர்களே, மெருகில் அம்மாவின் முகம் தெரிந்திருக்கும். ஓரடி நகர்ந்தால் அந்த முகம் பிளவுக்குள் போய்க் காணாமல் போகும். அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ரோமவாசி:
அண்ணா சொன்னது சரி. முகம் வைக்க முடியாத இடம் ஒன்றும் இங்கே உண்டு, ஆர்டியாட்டைன் குகைகள். 1944 மார்ச் 24 அன்று நாஜிகள் 335 பேரைச் சுட்டுக் கொன்ற இடம், இப்போது நினைவிடம். யூதர், கம்யூனிஸ்ட், ஒரு பாதிரியார் எல்லோரும் அதில் உண்டு. யாருடைய சாமியை வாசலில் வைப்பது? சிற்பி மிர்கோ பசல்தெல்லா செய்த வெண்கலக் கதவு முட்புதர் போலவும், ஒன்றையொன்று பற்றிக்கொண்ட உடல்கள் போலவும் பின்னிக்கிடக்கிறது. ஆறு வருஷமாக இங்கே இருக்கிறேன், ஒரு தடவைகூட அந்த வாசலை வேகமாகக் கடக்க முடிந்ததில்லை.

நாடோடி:
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தன் முகத்தைப் பார்த்தாராம், என்னிடம் சொல்லவில்லை. குகைகளுக்கு எந்தப் பஸ்?

ரோமவாசி:
சான் ஜொவான்னியிலிருந்து 218. காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.