பௌர்ணமி இரவில் மனத்தைத் திரும்பிப் பார்ப்பவர்கள் வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாகப் பௌர்ணமி இரவில் ஒரு மணி நேரத்தை எனக்கென்று ஒதுக்கி, கடந்த நாள்களை நோட்டில் எழுதிப் பார்க்கிறேன். பௌத்தத் துறவிகள் பௌர்ணமியிலும் அமாவாசையிலும் ஒன்றுகூடி, ஒழுக்க விதிகளை ஓதி, தவறுகளை ஒப்புக்கொள்ளும் உபோசத மரபுதான் இந்த எண்ணத்தைத் தந்தது. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 29.5 நாள். மனத்தில் சேர்ந்ததைப் பிரித்துப் பார்க்க மிகப் பொருத்தமான இடைவெளி என்றே நினைக்கிறேன்.

நோட்டில் எப்போதும் இரண்டு கேள்விகள்: 'எதைத் தேவையில்லாமல் சுமந்தேன்? யாரிடம் பேசாமல் விட்டேன்?' இரண்டாவதற்கு எழுத உட்கார்ந்தால் குற்ற உணர்வு பெருகி, இரவெல்லாம் தூக்கம் வருவதில்லை. எனக்கு நானே காட்டும் அக்கறையாகத் தொடங்கியது, தண்டனையாக மாறிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

இந்த வழக்கம் உள்ளவர்கள் எப்படி முடிக்கிறீர்கள்? மூச்சுப் பயிற்சியா, நிலவைப் பார்த்தபடி ஒரு நடையா? எழுதியதை வைத்துக்கொள்கிறீர்களா, கிழித்துவிடுகிறீர்களா? விரதம் இருப்பவர்கள், களைப்பில்லாமல் எழுத எந்த நேரம் ஏற்றது என்றும் சொல்லுங்கள். சடங்குப் பொருள்களின் பட்டியல் வேண்டாம். உங்கள் அனுபவமே எனக்குப் பெரிய உதவி.