ஜோசப் ஸ்மித் மீதான குற்றச்சாட்டுகளில் எவை நிற்கும்?

அல்சூர்வாசகர்:
பெங்களூரில் மார்மன் சபை (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு) ஆலயம் கட்டப்போவதாக 2018இல் அறிவிப்பு வந்ததல்லவா, அதை ஒட்டி எங்கள் தமிழ் வாசகர் வட்டத்தில் நிறுவனர் ஜோசப் ஸ்மித் பற்றி அரைமணி நேரம் பேசணும். நெட்டில் தேடினால் புதையல்காரன், பேங்க் மோசடி, பெண்பித்தன் என்று ஒரே வசவு. எதைத் தைரியமா சொல்லலாம், எதை விட்டுடணும்?

மல்லேஸ்வரம்பழசு:
சார், 1834இல் ஹோவ் என்பவர் ஸ்மித்துக்கு எதிரான தன் புத்தகத்தில் வெளியிட்ட அக்கம்பக்கத்தார் வாக்குமூலங்களை முதல் ஆதாரமா வைக்காதீங்க. அவற்றைத் திரட்டிய ஹர்ல்பட் என்பவர், 1833இல் சபையிலிருந்து நீக்கப்பட்டவர். எல்லாம் பொய்னு அர்த்தமில்லை, ஆனா எதிராளி வக்கீல் முதல் கேள்வியிலேயே உடைச்சிடுவார்.

புதையல் கதைக்கு அது தேவையும் இல்லை. 1826இல் நியூயார்க் மாநிலம் பெயின்பிரிட்ஜில் ஸ்மித் மேல் விசாரணை நடந்தது. மாஜிஸ்திரேட் நீலி கொடுத்த செலவு பில் 1971இல் அகப்பட்டது: பெயருக்குப் பக்கத்தில் 'கிளாஸ் லுக்கர்', தொகை 2 டாலர் 68 சென்ட். நம்மூர் மை போட்டுப் பார்க்கிறவர் மாதிரின்னு வெச்சுக்குங்க. தொப்பிக்குள் ஒரு கல், வெளிச்சம் புகாதபடி முகத்தை உள்ளே அழுத்தி, புதையல் இருக்கும் இடம்னு தெரிவதைச் சொல்றது. சபையின் வேதமான மார்மன் நூலை அவர் சொல்லச் சொல்ல மத்தவங்க எழுதியதும் இப்படித்தான்னு மனைவி எம்மாவே சொல்லியிருக்கார். கல்லின் படத்தை 2015இல் சபையே வெளியிட்டது. ஒண்ணு, 'தண்டிக்கப்பட்டார்'னு சொல்லிடாதீங்க. தீர்ப்பு பற்றிய பதிவுகள் ஒத்துப்போகலை.

கணக்குப்பிள்ளை:
பேங்க் விஷயம் 1837, ஒஹாயோவின் கர்ட்லாந்து. ஸ்மித்தும் சபையாரும் பேங்க் தொடங்கப் பார்த்தாங்க. சார்ட்டர் (அரசு அனுமதி) கிடைக்கலை, நோட்டு அச்சுத்தகடோ ஏற்கெனவே தயார். என்ன செஞ்சாங்க தெரியுமா? 'பேங்க்' என்ற சொல்லுக்கு முன்னால் 'ஆன்ட்டி', பின்னால் 'இங்' சேர்த்து நோட்டை விட்டாங்க! கையில் இருந்த வெள்ளிக்காசு கொஞ்சம், சொத்தெல்லாம் நிலத்தில். ஜனங்க நோட்டை மாற்ற வந்ததும் சில வாரத்தில் படுத்துடுச்சு. அனுமதியில்லாத பேங்க் தொழிலுக்கு ஸ்மித்துக்கு 1,000 டாலர் அபராதம். அதுவரை ஆவணம் பேசும். 'திட்டமிட்ட கொள்ளை' என்பது நிற்காது. அதே வருஷம் அமெரிக்கா முழுக்க பேங்குகள் சரிந்தன, அவரும் கடனில் மாட்டினார்.

சிவாஜிநகர்ராணி:
ரெண்டு பேரும் சுற்றிவளைக்கிறீங்க, கனமானது கல்யாண விஷயம். 30 முதல் 40 மனைவிகள் என்ற கணிப்பை 2014இல் சபையின் கட்டுரையே ஒப்புக்கொண்டது. 1843 மே மாதம் அவருக்கு 'முத்திரிக்கப்பட்ட' (சபை வழக்கப்படி மறுமைக்கும் சேர்த்துக் கட்டிவைக்கப்பட்ட) ஹெலன் மார் கிம்பலுக்கு 14 வயசு. சில பெண்களுக்கு ஏற்கெனவே புருஷன் உண்டு. 1844 மே 26 பிரசங்கத்திலோ தனக்கு ஒருத்திதான்னு பேசினார். இதை அம்பலப்படுத்திய, நாவூ ஊரின் 'நாவூ எக்ஸ்பாசிட்டர்' பத்திரிகை ஜூன் 7இல் ஒரே இதழ்தான் வந்தது. ஜூன் 10 அந்த ஊர் மேயரான ஸ்மித் உத்தரவில் அச்சகம் நொறுக்கப்பட்டது. அந்த வழக்கில் சரணடைந்தவரை ஜூன் 27 கார்த்தேஜ் சிறையில் கும்பல் சுட்டுக் கொன்றது. சில உறவுகள் மறுமைக்கு மட்டும் என்று சபை சொல்வதையும் சேர்த்துச் சொல்லுங்க, இல்லேன்னா கேள்வி நேரத்தில் மாட்டுவீங்க.

அல்சூர்வாசகர்:
நன்றிங்க. ஸ்பால்டிங் என்பவரின் நாவலைக் காப்பியடிச்சு மார்மன் நூலை எழுதினார் என்பது?

மல்லேஸ்வரம்பழசு:
விட்டுடுங்க சார். அந்தக் கைப்பிரதி 1884இல் ஹொனலுலுவில் கிடைச்சுது, மார்மன் நூலோட பெரிசா ஒத்துப்போகலை. அந்த நேரத்துக்கு, எகிப்திய ஏட்டிலிருந்து மொழிபெயர்த்ததா ஸ்மித் சொன்ன ஆபிரகாம் நூலை எடுங்க. 1835இல் மம்மிகளோடு வாங்கிய பாப்பிரஸ் (எகிப்திய நாணல் தாள்) துண்டுகள் 1967இல் திரும்பக் கிடைச்சு, எகிப்தியவியலாளர்கள் படிச்சாங்க. சவ அடக்கச் சடங்குக்கான எழுத்து, ஆபிரகாம் பேரே இல்லை.