ஒலிப்பதிவே இல்லாத மொழியைப் பாலர் வகுப்பில் எப்படி நடத்துவது?

வெண்ணாற்றான்: "ஆவணம் இருந்தால் போதும், பேச ஆளில்லாமல் போன மொழியையும் பாலர் வகுப்பில் நடத்தலாம், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுப் பகுதிப் பழங்குடிகளின் கௌர்னா மொழியே சாட்சி" என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. கௌர்னாவைச் சரளமாகப் பேசியவர் யாருடைய குரலும் பதிவாகவில்லை. இருப்பதில் பெரும்பகுதி 1840இல் டைக்கல்மன், ஷூர்மன் என்ற இரண்டு ஜெர்மன் பாதிரிமார் அச்சிட்ட இலக்கணமும் சொற்பட்டியலும். அந்த மொழியின் ர வகைகளை அவர்கள் பிரித்தே எழுதவில்லை. எந்த ர என்று எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள்?

செம்பருத்தி: அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், வழக்கம்தானே. உறவு மொழியான அட்னியமத்தன்ஹாவைப் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டுத்தான் உச்சரிப்பை முடிவு செய்கிறார்கள். தவிர, ஜே.எம். பிளாக் என்ற தாவரவியலாளர் இவரிட்சி என்ற கௌர்னா மூதாட்டியிடம் கேட்டு ஒலிக்குறிகளோடு எழுதிய சொற்கள் 1920இல் அச்சாகியிருக்கின்றன. அந்த அம்மா 1929இல்தான் இறந்தார்.

வெண்ணாற்றான்: எழுதினார். சரி. ஒலி எங்கே?

மதுரைக்காரன்: அண்ணே, பிள்ளைங்க பாட்டுப் பாடுறதுக்கு ஒலிப்பதிவு எதுக்கு? மொழியை மீட்கிறவர்கள் 1990இல் பாட்டு எழுதித்தான் தொடங்கினார்கள். அப்புறம்தான் பள்ளிப் பாடம்.

வெண்ணாற்றான்: எந்த ர வைத்துப் பாடினார்கள்?

செம்பருத்தி: உங்கள் பேரன் "வாலைப்பலம்" என்கிறான், அதைத் தமிழ் இல்லை என்பீர்களா?

வெண்ணாற்றான்: என் குடும்பத்தை இழுக்க வேண்டாம். அவனுக்கு ழ வராவிட்டால் திருத்த நான் இருக்கிறேன். அங்கே திருத்துகிறவருக்கும் தாள்தான் குரு. போன மாதம் தோடர் மொழித் திரியிலும் நீங்கள் இப்படித்தான், பதில் கேட்டால் ஆளைக் காணோம்.

செம்பருத்தி: தோடர் திரியில் ஆளைக் காணாமல் போனது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

குறிஞ்சி: அடிலெய்டில் பில்டாவோட்லி என்ற இடத்தில் 1839இல் அதே பாதிரிமார் பள்ளி வைத்துக் கௌர்னாவிலேயே பாடம் நடத்தினார்கள். பிள்ளைகள் ஜெர்மனிக்கு எழுதிய கடிதங்கள்கூட இருக்கின்றன. 1845இல் மூடியாயிற்று. பாதிரி எழுத்து மட்டும்தான் மிச்சம் என்று பேசுகிறவர்கள் அந்தக் குழந்தைகளின் கையெழுத்தை எங்கே வைப்பார்கள்?

வெண்ணாற்றான்: கையெழுத்தில் ர கேட்குமா?

மதுரைக்காரன்: ஆரம்பிச்சுட்டார்யா.

குறிஞ்சி: பிறந்த வரிசைப்படி பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களிலிருந்து எண்களை உண்டாக்கி இன்று கணக்குச் சொல்கிறார்கள். மொழி கௌர்னா மக்களுடையது. உங்களிடம் சான்றிதழ் கேட்டார்களா?

வெண்ணாற்றான்: பாருங்கள், எண்களே புதிதாகச் செய்தவை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இது 1840இன் மொழியா, நேற்று முளைத்ததா? டைக்கல்மனின் 1857 கையெழுத்துப் பிரதி கேப்டவுன் நூலகத்தில் இருக்கிறது, அதையும் கொண்டுவாருங்கள். அதிலும் தாள்தான்.

செம்பருத்தி: கேப்டவுன் வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறீர்கள், சந்தோஷம். அடிலெய்டு போய் ஒரு வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்து பேசுங்கள்.

வெண்ணாற்றான்: டிக்கெட் நீங்கள் போடுவீர்களா?

மதுரைக்காரன்: தோடர் திரி லிங்க் யாராவது போடுங்கப்பா, அங்க என்னதான் நடந்துச்சுன்னு பார்க்கணும்.